ஐந்து பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி

எழுதத் தெரியாத ஒருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசிப்பவர்கள் முதலிலேயே பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு பீடோங் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை. அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் வாசிப்பேன். எழுதப்படுகிறவரும் நல்லவராக இருப்பார், எழுதுகிறவரும் நல்லவராக இருப்பார். நான் எழுதப்போகிறவரும் நல்லவர்தான். மற்ற பாதியைத்தான் என்னால் சொல்ல முடியாது.

அவர் பெயரை எழுதவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். இந்த வருஷம் பண்டார் பாருவில், தன் தம்பி வீட்டில், அக்கா இறந்துபோனார். தம்பி போன் செய்து சொன்னார். நான் போகவில்லை. ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். மாற்றித் தரும்படி நான் யாரையும் கேட்கவே இல்லை.

பீடோங்குக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் தாமான் குடியிருப்பு. ஒரே வரிசையில் பதினெட்டு வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அக்கா தனியாக இருந்தார். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். நாங்கள் குடிவந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இங்க பாரும்மா, என்னைக் கூப்பிடணும்னா வலது பக்கமா வந்து கூப்பிடு. இந்த இடது காது சும்மா தோடு போடத்தான்" என்றார்.

பத்து வயதில் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தபோது அக்காவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. கன்னத்தில் எதையோ அரைத்துப் பூசியிருக்கிறார்கள். வீக்கம் வற்றியபோது இடது காதும் போய்விட்டது.

ஒரு காது கேட்காதவர்களுக்கு எல்லாமே பாதிதான் கேட்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அக்காவுக்கு எல்லாம் கேட்கும். என் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கூடச் சொல்வார். ஆனால் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. கைத்தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டுக்கு ஓடிவருவார். "போன் அடிக்குது, எங்கன்னு தெரியல, வந்து கண்டுபிடி." நான் போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தோ துணிக்கூடைக்குள்ளிருந்தோ எடுத்துக் கொடுப்பேன். அதற்குள் அழைத்தவர் வைத்திருப்பார். "யாரா இருந்தாலும் திரும்ப அடிப்பாங்க. நீ இங்கயே இரு" என்று தேத்தண்ணி கலக்குவார்.

சாலையில் ஹாரன் கேட்டால் அக்கா அப்படியே நின்றுவிடுவார். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாதே. மோட்டார் சைக்கிள் தாண்டிப் போன பிறகுதான் அடுத்த அடி வைப்பார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதிரே வருகிறவர்களின் கண்களைப் பார்ப்பார். அவர்கள் எங்கே பார்க்கிறார்களோ அங்கே பார்ப்பார். இத்தனை கூட்டத்தில் எப்படி என்று கேட்டேன். "மத்தவங்க கண்ணு பொய் சொல்லாதும்மா. சத்தம் வந்த பக்கம் தானா போயிரும்" என்றார்.

அந்தக் காதை அவர் நன்றாக உபயோகப்படுத்தவும் செய்வார். பிடிக்காதவர்கள் பக்கத்தில் உட்கார வந்தால் நைசாக நாற்காலியைத் திருப்பி அவர்களை இடது பக்கம் போட்டுக்கொள்வார். என் மாமியார் வந்திருந்தபோது ஒன்றரை மணி நேரம் இடது பக்கத்திலேயே பேசிவிட்டுப் போனார். "ரொம்ப மரியாதையான பொம்பள, குறுக்க ஒரு வார்த்தை பேசல" என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவராகவே ஒரு நாள் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களிடம் காதைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை. அக்கா பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாராம். "சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாங்க. தட்டு எல்லாம் காலி. நான் மட்டும்தான் மிச்சம்" என்று சிரித்தார். தனக்கு நஷ்டம் வரும் இடத்திலும் உண்மையைச் சொல்கிறவர். அவருக்குப் பக்கத்து வீட்டில் நான் அமைந்தேன்.

இப்போது ஐந்து பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுங்கை பட்டாணியில் பாட்டுக் கேட்கும் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அக்கா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் வயரைச் சால்டர் வைத்து ஒட்டுவது அவர் வேலை. லைனின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை. அதன் நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் ஐந்து பெட்டிகள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. செய்து முடித்ததை அங்கே வைத்துப் பரிசோதிப்பார்கள். வெளியே சத்தம் கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் அந்த வழியாகப் போகும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அக்கா பார்த்துக்கொண்டே போவாராம். "அவ சும்மா உக்காந்திருப்பா. திடீர்னு யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி பின்னால திரும்பிப் பாப்பா. அங்க யாரும் இல்ல. அதைப் பாத்ததுலேர்ந்து எனக்கு அது வேணும்னு இருந்துச்சு" என்றார்.

வேலையை விட்டு நிற்கும்போது, மூடியில் கீறல் விழுந்த ஒரு செட்டைத் தொழிலாளர்களுக்கான விலையில் வாங்கிக்கொண்டு வந்தார். ஐந்து சின்னப் பெட்டிகள், இடி மாதிரிச் சத்தத்துக்கென்று ஆறாவதாக ஒரு பெரிய பெட்டி. பெரியதை எங்கே வைத்தாலும் ஒன்றுதானாம். "அது என்னை மாதிரி. அதுக்கும் பக்கம் தெரியாது" என்பார்.

பழைய படப் பாட்டு ஆல்பங்களை இப்போது பிரித்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனிப் பெட்டிக்கு அனுப்பி, புதிதாகக் கலந்து இசைத்தட்டாகப் போடுகிறார்கள். சுங்கை பட்டாணியில் கேசட் கடை வைத்திருந்த பாய் ஒருவர் அதை வரவழைத்துத் தருவார். எழுபது வயது இருக்கும். பாட்டில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அக்கா மாதத்துக்கு ஒரு தட்டு வாங்குவார்.

திசையே தெரியாதவருக்கு இது எதற்கு என்றுதானே கேட்பீர்கள். அங்கேதான் நான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை நடு நாற்காலியில் உட்கார வைப்பார். அவர் எனக்கு எதிரே ஒரு முக்காலியில், என் முகத்தைப் பார்த்தபடி உட்காருவார். பாட்டுத் தொடங்கும். "எந்தப் பக்கம்?" என்பார். வயலின் வந்தால் எந்த மூலையிலிருந்து வருகிறதோ அங்கே நான் கையை நீட்ட வேண்டும். தபேலா வந்தால் தபேலாவுக்கு. ஒரு சத்தம் இடமிருந்து வலமாகப் போனால் கையும் கூடவே போக வேண்டும். அக்கா வலது காதால் பாட்டைக் கேட்பார், கண்ணால் என் கையைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்து அவருக்குள் என்னவோ நடக்கும். சில இடங்களில் அவர் தோள் லேசாகத் திரும்பும், பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி.

பாட்டு முடிந்ததும் ஓவியப் புத்தகத்தை எடுப்பார். பால்மாவு டின் மூடியை வைத்து ஒரு வட்டம். நடுவில் ஒரு குட்டி நாற்காலி. நான் காட்டிய இடங்களில் எல்லாம் 'வய', 'புல்', 'தப' என்று எழுதுவார். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். பிறகு நான் இல்லாத நாட்களில், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நடு நாற்காலியில் தான் உட்கார்ந்து அதே பாட்டைப் போடுவார். சுவரின் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "அது டெஸ்டிங் லா. பாட்டு கேக்குறது இல்ல. பெட்டிகிட்ட போனா பெட்டிதான் கேக்கும். நடுவுல உக்காந்தவங்களுக்கு என்ன கேக்குதோ அதுதான் எனக்கு வேணும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "ஞாயித்துக்கிழமையானா போலீஸ் வேலைக்குப் போயிடுவா. சந்தியில நின்னு கை காட்டுறதுக்கு" என்பார். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில் கையுறைகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறவள் நான். என்னை நடுவில் உட்கார வைத்து, என் கை போகும் பக்கமெல்லாம் கண் போகும்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

முதல் சில மாதங்கள் நான் ஒழுங்காகக் காட்டினேன். அதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு ஒரு நாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வலது தோளுக்குப் பின்னால் ஒரு கொசு வந்தது. விரட்டினேன். அக்காவின் கண் கூடவே போனது. "அங்க என்னம்மா?" என்றார். கொசு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டிருந்தது. நான், "சலங்கை மாதிரி ஏதோ" என்றேன். "சலங்கையா? இந்தப் பாட்டுலயா? இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதே" என்று அந்த இடத்தில் 'சல' என்று எழுதினார். அடுத்த வாரம் அதே பாட்டைப் போட்டு, சலங்கை வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தப் பாட்டில் சலங்கையே கிடையாது.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. என் கையால் ஒருவருக்கு ஏதோ கொடுக்க முடிகிறது என்று தோன்றியது. அப்புறம் அங்கங்கே ஒன்று சேர்த்துக் காட்டினேன். அலுப்பாக இருந்த நாட்களில் முந்தின பாட்டுக்குக் காட்டியதையே இதற்கும் காட்டினேன். இதெல்லாம் பொய் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் அக்கா வீட்டுக்குச் சாயம் அடித்தோம். அக்கா ஏணியில், நான் கீழே. வயர்களைக் கழற்றிச் சாமான்களை நகர்த்தித் துடைப்பது என் பொறுப்பு. ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் ஐந்து வயர்களிலும் அழுக்கேறிய கம்பளி நூல் துண்டுகள் கட்டியிருந்தன. பல்லி எச்சமும் ஒட்டடையும் பிடித்து, இழுத்தால் உதிரும் நிலையில் இருந்தன. தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது நூல், கந்தல், பழைய நாட்காட்டி எல்லாம் போகும் வழியில் அவையும் போயின. நான்தான் அறுத்துக் குப்பையில் போட்டேன். குப்பை லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது.

சாயந்தரம் ஏணியின் மேலிருந்தே அக்கா சொன்னார். "வயரெல்லாம் திரும்ப மாட்டிடும்மா. நூல் கலரு பாத்துப் போடு. சேப்பு முன்னால இடது, மஞ்சள் நடு, பச்சை முன்னால வலது. ஊதா, வெள்ளை ரெண்டும் பின்னால."

தொழிற்சாலையில் வயருக்கு வயர் நிறம் வைத்துப் பழகியவர் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தார். பின்னால் குனிந்து பார்த்தேன். ஐந்து வயரும் ஒரே கறுப்பு. "சரிக்கா" என்றேன். நினைவில் இருந்தபடி மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டுத் தொடங்கியது. பாடுகிறவரின் குரல் எப்போதும் முன்னால் நடுப் பெட்டியிலிருந்து வரும். அன்று என் இடது தோளுக்குப் பின்னால், பிடரியில் மூச்சு விடுகிற மாதிரி வந்தது. நடுப் பெட்டியின் வயரும் பின்னால் இடது பெட்டியின் வயரும் மாறிவிட்டன. அக்கா என்னைப் பார்த்து, "எல்லாம் அதே எடத்துலதான?" என்றார். நான் கையை நேராக முன்னால் நீட்டினேன்.

அன்று சொல்லியிருக்கலாம். ஒரு திட்டு விழும். அக்காவுக்குக் கோபம் வந்தால் நாக்கில் மிளகாய்தான். பாட்டு நடுவே பேசிய உறவுக்காரப் பெண்ணைத் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு அனுப்பியவர். ஆனால் திட்டோடு முடிந்திருக்கும். நான் பயந்தேன். திட்டுக்குப் பயந்தேனா, நாற்காலி போய்விடும் என்று பயந்தேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் கொஞ்ச நாள் மாற்றிக் காட்டினேன். பின்னால் கேட்டதை முன்னால் காட்டினேன், முன்னால் கேட்டதைப் பின்னால் காட்டினேன். அப்படிப் பார்த்தால் புத்தகத்தில் இருப்பது சரிதானே என்று எனக்கு நானே சமாதானம். புதுத் தட்டு வந்தபோது அதுவும் குழம்பிவிட்டது. எது எங்கே இருக்க வேண்டியது என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்தபடி பேசுவது என்பார்களே, நான் கைக்கு வந்தபடி காட்டினேன். அக்கா பக்கம் பக்கமாக வட்டம் போட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்க? ரெண்டு நிமிஷ வேலை. அக்கா கடைக்குப் போற நேரமா பாத்து நான் மாத்திட்டு வந்துடுறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் மாற்றுவார். மறுநாளே சிரித்துக்கொண்டு அக்காவிடம் சொல்லியும் விடுவார். அவர் வாயில் எதுவும் நிற்காது. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அக்கா ஒரு ஆல்பத்துக்காக மட்டும் காத்திருந்தார். பாய் கடைக்குப் போகும்போதெல்லாம், "அது வந்துச்சா?" என்பார். பாய் கையை விரிப்பார். ஏன் அதையே கேட்கிறீர்கள் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். அக்கா எப்போதும் இடது ஜன்னல் ஓரம்தான் உட்காருவார், கேட்காத காதைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு.

அக்காவுக்குப் பத்து வயதில், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்களாம். ஒன்று கோயில் பக்கம், இன்னொன்று லைன் கடைசியில். அக்கா குடத்தோடு தண்ணீருக்குப் போகிறார். ஒரு குழாய் பின்னால் குறைகிறது, ஒன்று முன்னால் ஏறுகிறது. "பாதி வழியில நின்னா பாட்டு தலைக்கு மேல நிக்கும்மா. நான் குடத்தை எறக்கி வச்சிட்டு முன்னால ரெண்டு அடி, பின்னால ரெண்டு அடின்னு நடந்து நடந்து பாத்தேன். அம்மா வந்து முதுகுல ஒண்ணு வச்சாங்க." அது முடிந்து மூன்றாவது வாரம் பொன்னுக்கு வீங்கி. இரண்டு காதாலும் அவர் கடைசியாகக் கேட்டது அந்த ஆல்பத்துப் பாட்டுதான்.

அந்த ஆல்பம் கடைசியில் வந்தது. பாய் போன் செய்தார். கடைக்கு வர வேண்டாம், தானே கொண்டுவருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் மோட்டாரில் வந்து இறங்கினார். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் தஞ்சோங் டாவாய் கருவாட்டுப் பொட்டலம். அவர் சம்பந்தி வீடு அங்கே. அக்கா கறி பாப் சுட்டு வைத்திருந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். வெளியே எங்கும் போகாதபோது அவர் புடவை கட்டி நான் பார்த்ததில்லை.

பாய்க்கு ஓவியப் புத்தகத்தைக் காட்டினார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார், ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி. கேட்கவில்லை. "எவ்வளவு மெனக்கெட்டிருக்க தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். "நான் என்ன செஞ்சேன்? எல்லாம் இவ காதுதான்" என்று அக்கா என் தோளில் கை வைத்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் முழங்காலைத் தொட்டு, "இது ஒண்ணு மட்டும் நிதானமா காட்டும்மா" என்றார். குரல் எப்போதும் போல் இல்லை. பாய் இடம் இல்லாமல் பின்னால் ஜன்னல் பக்கம் போய் நின்றார். இடது மூலைப் பெட்டி அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

பாட்டு வந்தது. முதலில் வயலின்கள். முன்னால் இரண்டு பக்கமும் கை காட்டினேன், அது உண்மை. பிறகு குரல் வந்தது. பின்னால், பாய் நிற்கும் இடத்திலிருந்து. நான் கையை நேராக முன்னால் நீட்டினேன்.

பாய் குனிந்தார். உள்ளங்கையைப் பெட்டியின் துணியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, "தங்கச்சி, கொஞ்சம் நிறுத்து. பாடுறவரு இங்கதான நிக்கிறாரு" என்றார்.

அக்கா நிறுத்தினார். முதலில் பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை இன்னும் நீட்டியபடி இருந்தது.

"எந்தப் பக்கம்மா?" என்றார்.

"எனக்கு முன்னாலதான்க்கா கேக்குது."

"இந்தப் பெட்டியிலதான் வருது. நீயே வந்து ஒரு தடவை காத வச்சுப் பாரேன் தங்கச்சி" என்றார் பாய். அதட்டலாக இல்லை, நயமாகத்தான் சொன்னார்.

நாலு அடி தூரம். அக்கா எழுந்துபோய் வலது காதை வைத்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. "வேணாம் பாய். இத்தனை வருஷமா இவ கையைப் பாத்துத்தான் கேக்குறேன். இவ சொன்னா சரிதான்."

பாய் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருக்கும் தங்கச்சி. எனக்குச் சக்கரை இருக்குல்ல, காதுல கொஞ்ச நாளாவே இரைச்சல். எனக்குத்தான் மாறிக் கேக்குது போல" என்றார்.

அக்கா மறுபடியும் முதலிலிருந்து போட்டார். நான் பாட்டு முழுவதும் கை காட்டினேன். பாய் தரையைப் பார்த்தபடி கறி பாப் தின்றார். பாட்டு முடிந்ததும் அக்கா கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு, ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு எழுதினார். பள்ளிப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதினார். எழுதி முடித்து, "நான் நினைச்ச மாதிரியேதான் இருக்கு" என்றார்.

பாயை வழியனுப்ப வாசல் கேட் வரை நான்தான் போனேன். மோட்டாரை உதைப்பதற்கு முன்னால், "வயரு மாறியிருக்கும்மா. இன்னைக்குச் சாயந்தரமே சொல்லிரு. நாளைக்குன்னா கஷ்டமாயிரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

சாயந்தரம் இரண்டு தடவை எங்கள் கேட் வரை போனேன். அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டார். அது முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு துணி மடிக்க உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருந்தோம். கோழிக்கறி வைத்தால் கிண்ணத்தில் கொடுத்தார். தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லவும் இல்லை. ஐந்து பெட்டிகளும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, மேலே துணி போர்த்தி. நாங்கள் சேர்ந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஒரு நாள் நான் மறதியாக அவருக்கு இடது பக்கம் வந்துவிட்டேன். அக்கா எப்போதும் உடனே மாறிக்கொள்வார். அன்று மாறிக்கொள்ளவில்லை. அவர் தம்பி வந்து பண்டார் பாருவுக்கு அழைத்துப் போகும் வரை அப்படியே நடந்தோம். நானும் சொல்லவில்லை. இப்போது பத்திரிகையில் சொல்கிறேன், அவர் வாசிக்க முடியாத நேரத்தில்.

பாய் வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்தது இதுதான், பாய் பிற்பாடு எனக்குச் சொன்னது. அக்கா காலை ஒன்பது மணி பஸ்ஸில் சுங்கை பட்டாணிக்குப் போனார். காது விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது என்று சொல்லி, பாயைக் கடையை அடைக்க வைத்து, காது பரிசோதனை செய்யும் இடத்துக்கு அழைத்துப் போனார். பாய் எவ்வளவோ மறுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே அரை மணி நேரம் வைத்துப் பரிசோதித்தார்கள். பாய்க்கு இரண்டு காதும் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள்.